ஓராண்டு என் வாயில் இருந்த பெயர்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் இரும்புக்கடை. அதன் பக்கவாட்டில் ஏறும் குறுகலான படிக்கட்டு முடிகிற இடத்தில் ஓர் அறை. பத்திரிகைக்காரர்களுக்கு ஏதாவது ஒன்று என்றால் உடன் நின்று வழக்கு நடத்தித் தரும் அமைப்பின் கிளை அலுவலகம் அது. ஆண்டுக்கு ஒரு முறை, பயப்படாமல் எழுதியவர்கள் என்று சிலரைத் தேர்ந்தெடுத்துக் கௌரவிக்கவும் செய்வார்கள். நான் முதன்முதலாக அந்தப் படியேறியபோது என்னிடம் செல்போன் இல்லை. போலீஸ் அதை எடுத்துக்கொண்டு இரண்டு நாளாகியிருந்தது.

நான் அரியலூரில் இருக்கிறேன். ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பேனாவை வைத்துப் பிழைக்க வந்த முதல் ஆள் நான். கணவர் லாரி மெக்கானிக். குடிநீர் வரவில்லை, பாலம் பாதியில் நிற்கிறது, மக்காச்சோளத்தில் புழு விழுந்துவிட்டது என்பது போன்ற செய்திகளைத்தான் நான் பெரும்பாலும் எழுதுவேன். என்னைச் சிக்கலில் மாட்டிய செய்தியும் அளவில் சின்னதுதான்.

ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு கிராமம், அதன் பக்கத்தில் ஒரு தனியார் கல்குவாரி. மாலையில் பள்ளிக்கூடம் விட்ட பிறகுதான் பாறைக்கு வெடி வைக்க வேண்டும் என்று அவர்களுக்கு அனுமதி. ஆனால் முற்பகலிலேயே வெடித்தார்கள். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போது தரை அதிரும். பள்ளிக்கூடச் சுவரில் மேலிருந்து கீழே ஒரு விரிசல் ஓடியிருந்தது. விரிசலைப் படம் எடுக்கலாம். அது வெடியால் வந்தது என்று எப்படிக் காட்டுவது? குவாரிப் பதிவேட்டில் எல்லா வெடியும் மாலை நேரத்தில்தான் வெடித்திருந்தது.

அப்போதுதான் ஒருவர் என்னைத் தேடி வந்தார். குவாரியில் லாரிகளுக்குச் சீட்டு எழுதும் வேலை பார்த்த ஒரு பெண். இப்போது அவர் அங்கே இல்லை. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அப்படியும் அவர் பார்த்த வேலையையும் வேறு சிலவற்றையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

தேடி வந்த இடத்தில் எதுவும் பேசாமல், மறுநாள் கீழப்பழுவூர்க் கோயிலுக்கு வரச் சொன்னார். நடை சாத்துகிற நேரம். பிரகாரத்துக் கல் வெயிலில் காய்ந்து கால் வைக்க முடியவில்லை. நிழல் விழுந்த ஒரு கையகல இடத்தில் இருவரும் சாமி கும்பிட வந்தவர்கள் போல நின்றோம். அவர் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நாலு கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டுத் தாள். ஒன்பது நாட்கள், அந்தந்த நாளில் வெடித்த நிஜமான நேரம். கோட்டுக்குள் அடங்கிய சின்னச் சின்ன எழுத்து.

"எம் பொண்ணு அங்கதாங்க்கா படிக்குது. அந்தச் செவுத்தோரமாத்தான் உக்காருது," என்றார்.

பிறகு கேட்டார். "எம் பேரு வெளிய வந்துருமா?"

"வராது," என்றேன்.

அவர் பெயரை நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார், அப்பா பெயரையும் சேர்த்து. மறைக்க எதுவும் இல்லை என்று என்னிடம் காட்ட நினைத்தாரோ என்னவோ. தெரியாமலே இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு தாளை வைத்து மட்டும் எழுதிவிட முடியாது. அந்த ஊர் ரேஷன் கடைப் படியில் ஐந்து நாள் போய் உட்கார்ந்தேன். கைக்கடிகாரத்தையும் நோட்டையும் மடியில் வைத்துக்கொண்டு சத்தம் வரும்வரை காத்திருப்பேன். அந்த வெயிலில் ஊர் பாதித் தூக்கத்தில் இருக்கும். ஆடுகள் கண்ணைத் திறந்தபடியே தூங்கும். திடீரென்று தரைக்குள்ளிருந்து யாரோ தோளால் முட்டுவது போல ஒரு அதிர்வு வரும், சத்தம் அதற்குப் பிறகுதான் வந்து சேரும். நேரத்தைக் குறிப்பேன். ஐந்து நாளும் அவர் எழுதிய நேரத்தை ஒட்டியே வெடித்தார்கள். வீட்டுக்கு வந்து தாளை அடுப்பில் போட்டேன். செய்தியை எழுதி அனுப்பினேன்.

ஐந்தாம் பக்கத்தின் கீழ்ப் பாதியில் வெளியானது. மூன்றாம் நாள் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். குவாரிக்குள் அத்துமீறி நுழைந்தேன், ஆட்களை மிரட்டிப் பதிவேட்டைப் பார்த்தேன் என்று புகார். நான் குவாரி கேட்டைத் தாண்டியதே இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. எனக்கு டீ வாங்கி வரச் சொன்னார்.

"யாரு குடுத்தாங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டே இரும்மா. உன்னைய யாரு என்ன செய்யப்போறா?"

"அதச் சொல்ல முடியாதுங்க சார்."

"முடியாதா, தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அன்று வீட்டுக்குச் சீக்கிரம் போயிருப்பேன். ஆனால் எனக்குத் தெரியாது என்றால் நான் எழுதியதே யாரோ சொன்ன கதை என்று ஆகிவிடும்.

"முடியாதுங்க," என்றேன்.

செல்போனை வாங்கி ஒரு கவரில் போட்டு அரக்கு வைத்தார்கள். அதில் அவர் எண் இல்லை. எங்களுக்குள் ஒரு அழைப்புகூட நடந்ததில்லை. அந்த ஒரு நிம்மதியோடு வெளியே வந்தேன்.

இரும்புக்கடை மாடியில் இருந்த வக்கீலம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். நான் மூச்சு வாங்குவதைப் பார்த்து முதலில் தண்ணீர் கொடுத்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். கோயில், தாள், ரேஷன் கடைப் படி. பேச்சு வேகத்தில் அந்தப் பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவர் சட்டென்று கையை நீட்டித் தடுத்தார்.

"அந்தப் பேர எங்கிட்டயும் சொல்லாதீங்க."

"நீங்க எனக்கு வக்கீல்தானே மேடம்?"

"வக்கீல்தான். இருந்தாலும் வேணாம். எனக்குத் தெரியாத வரைக்கும் கோர்ட்டுல இன்னும் தைரியமா நிப்பேன். உங்களுக்குள்ளயே இருக்கட்டும். எத்தன நாளுன்னு தெரியாது, முடியுமா?"

முடியும் என்று தலையாட்டினேன். அப்போது அது பெரிய வேலையாகத் தெரியவில்லை.

முன்ஜாமீன் வாங்கிக் கொடுத்தார். வாரம் ஒரு நாள் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், அந்தக் கிராமத்துப் பக்கம் போகக்கூடாது என்று நிபந்தனை. வழக்கு முடியும்வரை கொஞ்சம் ஒதுங்கியிருங்கள் என்று பத்திரிகையில் சொன்னார்கள். வக்கீலம்மா ஆசிரியருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார், நேரிலும் போய்ப் பார்த்தார். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் எழுதச் சொன்னார்கள். அந்த இரண்டு மாதம்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. கண்ணில் படுவதெல்லாம் செய்தியாகவே தோன்றும், எழுதி அனுப்ப இடமிருக்காது.

அந்த ஆண்டு முழுவதும் நான் சரியாக விழித்திருந்த மாதிரியே நினைவில்லை. அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் இடையே பஸ்ஸில் போய்வந்துகொண்டே இருந்தேன். சிமெண்டு லாரிகள் கிளப்பிய தூசி சாலையோர மரங்களில் வெள்ளையாகப் படிந்திருக்கும். அதன்மேல் காலை வெயில் விழும்போது மரங்களெல்லாம் சுண்ணாம்பு அடித்துக் காயவைத்தவை போல நிற்கும். எங்கள் பக்கம் ஓடையில் தோண்டினால் கல்லாய்ப்போன சிப்பிகள் கிடைக்கும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தபோது நம்பவில்லை. அந்த ஆண்டு நம்பினேன். ஜன்னலோரம் கண் சொருகும்போது பருத்திக்காடும் சோளக்காடும் தண்ணீருக்கடியில் மெல்ல அசையும். பஸ் சத்தமில்லாமல் ஆழத்தில் போய்க்கொண்டிருக்கும். பேசுகிறவர்களின் வாய் அசையும், பேச்சு மட்டும் வந்து சேராது. நானும் வாயை இறுக்க மூடிக்கொண்டு இருப்பேன். திறந்தால் அந்தப் பெயர் ஒரு குமிழியாக மேலே போய்விடும் என்று பயம்.

பயம் உண்மையாகவே இருந்தது. காய்கறிக்காரம்மா பெயர் அதே பெயர். கடையில் யாராவது அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எனக்குத் தூக்கிவாரிப்போடும். தொலைக்காட்சி நாடகத்தில் அந்தப் பெயரில் ஒரு பாத்திரம் வந்ததும் எழுந்துபோய் நிறுத்திவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் திடுக்கிட்டு விழித்தேன். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ ஒரு உதிரிப் பாகத்தை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, தூக்கத்துல ஏதாச்சும் பேசுனனா?"

"பேசுனியே."

எழுந்து உட்கார்ந்தேன். "என்ன பேசுனேன்?"

"பஸ்ஸ நிறுத்தச் சொல்லிக் கண்டக்டர்கிட்ட சண்ட போட்ட. பாவம், அந்த மனுசன்."

"வேற?"

அவர் கையைத் துணியில் துடைத்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார். "வேற எதும் சொல்லல. சொன்னாலும் எங்காதுல விழாது. பட்டறையில இருந்து இருந்து எனக்குக் காது மந்தமாயிட்டு. நீ தூங்கு."

அவருக்குக் காதில் ஒரு குறையும் கிடையாது. நான் மறுபடி படுத்தேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

வழக்கு தொடங்கி எட்டு மாதமிருக்கும். ஒரு சனிக்கிழமை, பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குத் திரும்பும் பஸ். மூன்று பேர் உட்காரும் சீட்டில் நான் ஜன்னலோரம். ஏதோ ஒரு ஸ்டாப்பில் கூட்டம் ஏறியது. ஒரு சிறுமி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு அடுத்து அவள் அம்மா. நான் திரும்பிப் பார்த்தேன். அவர்தான்.

அவரும் பார்த்தார். பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளாமல் கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கினார். பின்சீட்டில் யார் இருக்கிறார்கள், யாருக்கு யாரைத் தெரியும் என்று எதுவும் தெரியாது. நான் வெளியே பார்த்துக்கொண்டேன். எட்டு மாதமாக யாருடைய பெயரைச் சுமந்துகொண்டிருந்தேனோ அவர் ஒரு கை தூரத்தில் இருக்கிறார். நல்லா இருக்கீங்களா என்றுகூடக் கேட்க முடியவில்லை. அவர் வேலைக்கு ஏதும் ஆபத்து வந்ததா, யாராவது சந்தேகப்பட்டார்களா, எதுவும் எனக்குத் தெரியாது. அந்த ஊர்ப் பக்கம் போகவும் எனக்குத் தடை.

கொஞ்ச தூரம் போனதும் அவர் என் பக்கம் குனிந்து, முன்பின் தெரியாதவரிடம் கேட்பது போலக் கேட்டார்.

"மணி என்னங்க ஆவுது?"

"பதினொண்ணு அடிச்சு இருவது நிமிசம்."

அவர் மகள் பக்கம் திரும்பினார். எல்லாருக்கும் கேட்கிற சாதாரணக் குரலில் பேசினார்.

"ஏம் பாப்பா, முன்னயெல்லாம் இந்நேரத்துக்கு ஒங்க பள்ளிக்கூடத்துல டமார்னு கேக்குமே. இப்பக் கேக்குதா?"

"இல்லம்மா. அதான் நின்னு போச்சுல்ல."

"எப்பருந்து?"

"தீவாளிக்கு முன்னாடியே நின்னு போச்சு. இப்பல்லாம் வூட்டுக்கு வந்தப்பறந்தான் கேக்குது. நான் காதப் பொத்திக்கறதே இல்ல."

"செவுரு?"

"அந்த ரூமப் பூட்டிட்டாங்க. நாங்க இப்ப அஞ்சாங் கிளாஸ் ரூம்புல உக்காந்திருக்கோம். புதுசு கட்டப்போறாங்களாம். பெரிய ஆபீசரெல்லாம் வந்து பாத்தாங்க, டீச்சர் சொன்னாங்க."

எனக்காகத்தான் கேட்கிறார் என்று புரிந்தது. ஜன்னல் பக்கம் இன்னும் நன்றாகத் திரும்பிக்கொண்டேன். கண் கலங்கியதற்குக் காற்றும் தூசியும் நல்ல சாக்கு. சிறுமிக்கு எதுவும் தெரியாது. பேசி முடித்ததும் அவளுக்குத் தூக்கம் வந்தது. முதலில் அம்மா பக்கம் சாய்ந்தாள், ஒரு வளைவில் பஸ் திரும்பியபோது என் பக்கம் சாய்ந்துவிட்டாள். தலை என் தோளில் சூடாகக் கிடந்தது. எண்ணெய் வைத்த முடி, வாடிப்போன கனகாம்பரம்.

"மன்னிச்சுக்குங்க," என்று அவர் குழந்தையை இழுக்கப் பார்த்தார்.

"இருக்கட்டும், தூங்கட்டும்," என்றேன்.

அவ்வளவுதான் நாங்கள் பேசியது. யூகலிப்டஸ் தோப்புகள் கடந்து போயின. நிழலும் வெயிலும் மாறி மாறி மூன்று பேர் மடியிலும் ஓடின. எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. அந்தப் பஸ் எங்கும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் போதும் என்று இருந்தது. அவர்கள் இறங்கும் இடம் வந்தது. மகளை எழுப்பி, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார். என் தோளில் அந்தச் சூடு அரியலூர் வரும்வரை இருந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பெயர் எனக்குக் கனமாக இல்லை.

வக்கீலம்மாவும் சென்னையிலிருந்த அவர்களுடைய அமைப்பின் வக்கீல்களும் உயர் நீதிமன்றத்தில் போராடினார்கள். நான் குவாரிக்குள் நுழைந்ததற்கு ஒரு சாட்சியும் இல்லை. நான் எழுதியதில் எது பொய் என்று புகார் கொடுத்தவர்களால் காட்ட முடியவில்லை. வழக்கை ரத்து செய்தார்கள். வக்கீலம்மா என் கணவரின் எண்ணுக்குக் கூப்பிட்டு, "முடிஞ்சிருச்சுன்னு சொல்லுங்க," என்றார். அவர் பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு வண்டி ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்கடுத்த மாதம் இரும்புக்கடை மாடிக்குப் போயிருந்தபோது வக்கீலம்மா சொன்னார்: "இந்த வருசம் கௌரவிக்கறதுக்கு உங்களத் தேர்ந்தெடுத்திருக்காங்க."

"எதுக்கு மேடம்? நான் ஒண்ணுமே செய்யலையே. வாய மூடிட்டு இருந்தேன், அவ்ளோதான்."

"அதுக்குத்தான்."

எனக்குச் சம்மதமில்லை. தைரியம் என்று ஒன்றிருந்தால் அது முந்தானை முடிச்சில் தாளை முடிந்துகொண்டு கோயிலுக்கு வந்தவருடையது. நான் அதைப் பத்திரமாக வைத்திருந்தவள், அவ்வளவே. அதைச் சொன்னேன். வக்கீலம்மா யோசித்தார். பாராட்டுப் பத்திரத்தில் ஒரு வரி சேர்க்கலாம் என்றார். அந்த ஒரு வரியை எழுத எங்கள் இருவருக்கும் ஒரு மத்தியானம் முழுவதும் ஆனது.

"ஒரு தொழிலாளி" என்று எழுதினார். அடித்தார். குவாரித் தொழிலாளிகளை ஒவ்வொருவராகச் சந்தேகப்படுவார்கள். "ஒரு தாய்." நான் வேண்டாம் என்றேன். "அந்த ஊரைச் சேர்ந்தவர்." அதுவும் ஆபத்து. எந்தச் சொல்லைப் போட்டாலும் அது அவர் முகத்தின் ஒரு ஓரத்தைக் காட்டியது. கடைசியில் எல்லாவற்றையும் உரித்த பிறகு இப்படி நின்றது: 'இந்தச் செய்தி வெளிவரக் காரணமாக இருந்த, பெயர் சொல்லப்படாத ஒருவருக்கும் இந்தப் பாராட்டு உரியது.'

"ரொம்ப மொட்டையா இருக்குல்ல?" என்றார் வக்கீலம்மா.

"இருக்கட்டும் மேடம். அவங்களுக்குப் புரியும்."

பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் காலையில் விழா. முதல் நாள் கல்யாணத்தின் வாழைமரம் இன்னும் வாசலில் கட்டியே இருந்தது. சால்வை போர்த்திக் கேடயம் கொடுத்தார்கள். பாராட்டுப் பத்திரத்தைப் படித்த வக்கீலம்மா அந்தக் கடைசி வரியை நிறுத்தி நிதானமாகப் படித்தார். என்னைப் பேசச் சொன்னார்கள். ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். மேடை ஏறியதும் கூட்டத்தில் இருந்த முகங்களெல்லாம் தண்ணீருக்குள் தெரிவது போலக் கலங்கித் தெரிந்தன. "நான் சொன்னதுக்காக இல்ல, சொல்லாததுக்காகக் கூப்பிட்டிருக்கீங்க. அதனால இதோட நிறுத்திக்கறேன்," என்று சொல்லிவிட்டு இறங்கினேன். முன்வரிசையில் கணவர் எல்லாருக்கும் முன்னால் கைதட்டினார். மறுநாள் எங்கள் பத்திரிகையில் அந்த வரியோடு செய்தி வந்தது.

புதிய வகுப்பறைத் திறப்பு விழாவுக்கு நிருபராக அந்தக் கிராமத்துக்குப் போனேன். வழக்குக்குப் பிறகு முதல்முறை. சுவரில் பெயிண்ட் வாசனை. பிள்ளைகள் வரிசையாக நின்று பாடினார்கள். பேசியவர்கள் எல்லாரும் நெடுநேரம் பேசினார்கள். பிறகு அம்மாக்கள் பொங்கல் பரிமாறினார்கள். என் இலைக்கு வாளியோடு வந்து நின்றவர் அவர்.

"நீங்கதானே பேப்பர்ல வந்தவங்க? அவார்டு வாங்குனீங்களே?" என்று பக்கத்திலிருந்தவர்களுக்கும் கேட்கும்படி கேட்டார்.

"ஆமாங்க."

"எம் பொண்ணு எழுத்துக்கூட்டிப் படிச்சிச்சு. முழுசையும்." இப்போது குரல் தணிந்திருந்தது. "கடைசியில ஒரு வரி இருந்துச்சுல்ல, பேர் சொல்லாத ஒருத்தர்னு. அது யாரும்மான்னு கேட்டுச்சு."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "என்ன சொன்னீங்க?"

"தெரியலன்னு சொன்னேன். அதுக்கு அது, அவங்களுக்கும் ஒரு சால்வ குடுத்திருக்கலாம்லம்மான்னுச்சு."

சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்கும் வந்தது. பக்கத்து இலைக்காரம்மா என்ன விஷயம் என்று எட்டிப் பார்த்தார். அவர் சட்டென்று கரண்டியை நிமிர்த்தி, வேண்டாம் வேண்டாம் என்று நான் கையால் மறைக்க மறைக்க இன்னொரு கரண்டிப் பொங்கலை என் இலையில் வைத்துவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார். வரிசையின் கடைசிவரை அவர் தோள் குலுங்கிக்கொண்டே போனதைப் பார்த்தபடி, அந்தச் சூடான பொங்கலை நான் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.